நெட்வொர்க் பிரிந்து சேர்ந்ததும் டேட்டா ஒத்துப்போக வெகுநேரம் ஆகிறது: ஏற்காட்டுத் தோட்டங்களுக்கு எந்த சிங்க் (ஒத்துப்போக வைக்கும்) முறை சரிவரும்?

நாகலூர்_மழைமானி கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அடுத்தடுத்த காபித் தோட்டங்களில் மழை, மண் ஈரம், இலை ஈரம் மூன்றையும் அளக்கும் 12 நோடுகள் வைத்திருக்கிறோம். எல்லாமே ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கம்ப்யூட்டர். ஒன்றோடொன்று வைஃபை ஆட்ஹாக்கில், அதாவது நடுவில் ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசுகின்றன, அதன் மேல் நேம்டு டேட்டா நெட்வொர்க்கிங், சுருக்கமாக என்டிஎன், ஓடுகிறது. அதில் கம்ப்யூட்டர் முகவரிக்குப் பதில் டேட்டாவின் பெயரைச் சொல்லி இன்டரஸ்ட் என்ற கேள்விப் பாக்கெட் அனுப்பினால், அந்தப் பெயருள்ள டேட்டா பாக்கெட் பதிலாக வரும். 5 நிமிடத்துக்கு ஒரு அளவு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு டேட்டா பாக்கெட். பெயர் இப்படி இருக்கும்: /சேர்வராயன்/தோட்டம்4/அளவு/1042. கடைசியில் இருப்பது வரிசை எண்.

12 நோடிலும் 12 தோட்டத்து அளவும் இருக்க வேண்டும், அதுதான் தேவை. ஒரு சரிவில் கொட்டுகிற மழை அடுத்த சரிவில் தூறலாகக்கூட இருக்காது என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மார்ச், ஏப்ரலில் காபி பூக்க உதவும் பூ மழை எங்கே எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால்தான் யார் ஸ்பிரிங்க்ளர் போட வேண்டும், யார் டீசலை மிச்சப்படுத்தலாம் என்று முடிவெடுக்க முடியும். பள்ளத்துத் தோட்டங்களில் செல்போன் சிக்னல் சரியாக எடுக்காது, அதனால் கிளவுடை நம்பாமல், தோட்டக்காரர் தன் நோடோடு போனை இணைத்தாலே மற்ற பதினொன்றையும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மேட்டில் இருக்கும் இரண்டு நோடுகள் வீட்டு கரண்டில் ஓடுகின்றன, மற்றவை சோலார். கரண்ட் போனால் அந்த இரண்டும் நின்று நெட்வொர்க் மூன்று துண்டாகிவிடும், மழைக்காலத்தில் சில மணி நேரம்கூட அப்படியே கிடக்கும். என்டிஎன்-இன் சிங்க் முறைகளில் ஒன்றான குரோனோசிங்க் மாதிரி, எல்லாருடைய நிலையையும் (யார் எந்த எண் வரை வெளியிட்டார் என்பதை) ஒரே ஹாஷாக, அதாவது கைரேகை போன்ற ஒரு சின்ன எண்ணாகச் சுருக்கி இன்டரஸ்டில் அனுப்பும் முறையைப் பைத்தானில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் இணைந்திருக்கும்வரை நன்றாகவே ஓடுகிறது. துண்டுகள் மறுபடி சேரும்போதுதான் விட்டதைக் கேட்கும் ரெகவரி இன்டரஸ்டுகள் வெள்ளமாகக் கிளம்பி, ஒருவர் ஹாஷ் இன்னொருவர் ஹாஷோடு ஒத்துப்போவதற்குள் அடுத்த அளவு வந்து மறுபடி எல்லாம் வேறாகிவிடுகிறது.

ஸ்டேட் வெக்டர் சிங்க், பிசிங்க் என்ற வேறு இரண்டு சிங்க் முறைகளைப் பற்றியும் படித்தேன். ஸ்டேட் வெக்டரில் எல்லாருடைய வரிசை எண்ணையும் ஒவ்வொரு தடவையும் அனுப்ப வேண்டும் என்கிறார்கள், அது வீண் செலவு இல்லையா? பேட்டரியில் ஓடும் நோடுக்கு அது தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_ரவுட்டர் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் இரண்டு வேலையைப் பிரித்துப் பாருங்கள். எந்தெந்தப் பெயர்கள் புதிதாக வந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்வது ஒன்று, அந்தப் பெயருக்குரிய டேட்டாவை இழுத்துக்கொள்வது இன்னொன்று. சிங்க் புரோட்டோகால் என்று சொல்வதெல்லாம் முதல் வேலைக்கு மட்டும்தான். இரண்டாவது வழக்கமான இன்டரஸ்ட் அனுப்பி டேட்டா வாங்குவது, அதை எப்போது எந்த வேகத்தில் செய்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. இரண்டையும் கலந்து எழுதினால் நெட்வொர்க் சேரும் நேரத்தில் நெரிசல் எங்கிருந்து வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது.

இப்போது ஹாஷ் முறைக்கு வருவோம். எல்லாரும் ஒத்துப்போயிருக்கும்போது அதைவிடச் சிக்கனமானது கிடையாது, 32 பைட்டில் முழு நிலையும் அடங்கிவிடும். ஆனால் ஹாஷ் வேறாக இருந்தால் அது "வேறு" என்று மட்டும்தான் சொல்லும், எது வேறு என்று சொல்லாது. 2013-இல் வந்த குரோனோசிங்க் இதற்காகப் பழைய ஹாஷ்களை ஒரு பதிவாக வைத்திருக்கும். நீங்கள் அனுப்பும் ஹாஷ் என் பதிவில் இருந்தால், அதற்குப் பிறகு என்னென்ன வந்தன என்று நான் சொல்லிவிடலாம். நெட்வொர்க் துண்டாகி, இரண்டு பக்கமும் தனித்தனியாக அளவுகள் வெளியிட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? உங்கள் பக்கத்து ஹாஷ் எதையும் நான் பார்த்ததே இல்லை, என் பக்கத்து ஹாஷ் எதையும் நீங்கள் பார்த்ததில்லை. பதிவு இருந்தும் பயனில்லை, முழு நிலையையும் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது. என்டிஎன்-இல் ஒரு இன்டரஸ்டுக்கு ஒரு டேட்டாதான் திரும்பி வரும். 12 பேர் ஒரே ஹாஷ் போட்ட இன்டரஸ்டோடு காத்திருக்கும்போது இரண்டு நோடுகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பதில் போட்டால், வழியில் இருக்கும் ஒவ்வொரு நோடும் முதலில் வந்ததை வாங்கிக்கொண்டு பிட் (காத்திருக்கும் இன்டரஸ்டுகளின் பட்டியல்) பதிவை அழித்துவிடும். பாதிப் பேருக்கு ஒரு பதில், மீதிப் பேருக்கு வேறு பதில், ஹாஷ் மறுபடி இரண்டாகப் பிரியும். முதலில் இதைச் சமாளிக்க, கிடைத்ததை விட்டு மற்றதைக் கொடு என்று கேட்கும் எக்ஸ்க்ளூட் வசதியைப் பயன்படுத்தினார்கள். பாக்கெட் வடிவம் 0.3 வந்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். நீங்கள் பார்க்கும் வெள்ளத்துக்குக் காரணம் உங்கள் கோடு (புரோகிராம்) அல்ல, இந்த முறையே அடிக்கடி பிரியும் நெட்வொர்க்குக்குப் பொருந்தாதது.

ஸ்டேட் வெக்டரில் சுருக்குவதே கிடையாது. தோட்டம்1 எண் 1040, தோட்டம்2 எண் 1038 என்று முழுப் பட்டியலையும் அனுப்புவீர்கள். வாங்குகிறவர் ஒவ்வொரு வரியிலும் தன்னிடம் இருப்பதையும் வந்ததையும் பார்த்து, பெரியதை வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். எந்த வரிசையில் வந்தாலும், இரண்டு தடவை வந்தாலும், நடுவில் பத்து தொலைந்தாலும் கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள், ஏனென்றால் அடுத்து வருவதில் முழு நிலையும் இருக்கிறது. தோட்டத்துப் பழ எடை நோட்டுகளைச் சரிபார்க்கும்போது எல்லாப் பக்கத்தையும் படித்துக் காட்ட வேண்டாம், கடைசிப் பக்க எண்ணைச் சொன்னாலே யாரிடம் எத்தனை பக்கம் குறைகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா, அது போலத்தான். யோசனை புதிதும் அல்ல. இதே போன்ற வெர்ஷன் வெக்டர் 1983-லேயே வந்துவிட்டது. ஒருவர் தன்னிடம் உள்ளதைப் பக்கத்தவரிடம் சொல்லி, அவர் அடுத்தவரிடம் சொல்லி, வதந்தி பரவுவது போல டேட்டாபேஸ்களை ஒத்துப்போக வைக்கும் முறையை 1987-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் எழுதினார்கள். அதே பார்க் ஆய்வகத்திலிருந்துதான் 2009-இல் வான் ஜேக்கப்சன் குழு பெயரை வைத்து இயங்கும் நெட்வொர்க் பற்றிய கட்டுரையை வெளியிட்டது.

செலவு பற்றிக் கேட்டீர்கள், கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு வரிக்குப் பெயரும் எண்ணும் உறையும் சேர்த்து 30 பைட் என்று வையுங்கள். 12 வரிக்கு 360 பைட், மேலே கையெழுத்துக்குக் கொஞ்சம். எல்லாருக்கும் ஒரே தடவையில் அனுப்பும் வைஃபை மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகமான 1 எம்பிபிஎஸ்-இல் போனால்கூட 360 பைட்டுக்கு 3 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். எத்தனை தடவை போகும்? அளவு வெளியிட்டதும் உடனே ஒன்று, யாருமே எதுவும் சொல்லாமல் இருந்தால் 30 செகண்டுக்கு ஒன்று. 12 நோடு, 5 நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் சராசரியாக 25 செகண்டுக்கு ஒரு வெளியீடு வருகிறது, அதனால் அந்த 30 செகண்ட் டைமர் பெரும்பாலும் வேலை செய்யவே வேண்டியிருக்காது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று சின்னப் பாக்கெட், அவை ஒரு நோடிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் ஒரு முறை. பேட்டரியைத் தின்பது இதுவல்ல, வைஃபை ரேடியோ எந்நேரமும் விழித்திருப்பதுதான்.

பிரிந்து சேரும் நேரத்தைப் பாருங்கள். 6 மணி நேரம் துண்டாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நோடும் 72 அளவு வெளியிட்டிருக்கும். ஆனால் வெக்டர் அதே 360 பைட்தான், எண்கள் மட்டும் பெரிதாகியிருக்கும். மேட்டு நோடு எழுந்ததும் ஒரு பக்கத்து வெக்டர் மறுபக்கம் போய்ச் சேர்ந்த அந்த ஒரே பாக்கெட்டில் யாரிடம் என்ன குறைகிறது என்பது முழுக்கத் தெரிந்துவிடும். பழைய வெக்டரோடு யாராவது பேசினால், மற்ற எல்லாரும் ஒரே நேரத்தில் திருத்தக் கிளம்பாமல் இருக்க 200 மில்லிசெகண்டுக்குள் ஏதோ ஒரு தற்செயலான நேரம் காத்திருப்பார்கள். அதற்குள் யாராவது ஒருவர் புதிய வெக்டரை அனுப்பிவிட்டால் மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். உங்கள் வெள்ளம் வடிவது இந்த இடத்தில்தான்.

கருப்பூர்_மூன்றாம்_ஆண்டு எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். நாங்கள் புராஜெக்டுக்காகப் பிசிங்க் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதில் இன்வர்ட்டிபிள் புளூம் ஃபில்டர் என்ற சுருக்க அட்டவணை இருக்கிறது, வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் அளவு என்கிறார்கள். அப்படியானால் ஸ்டேட் வெக்டரைவிட அதுதானே சிக்கனம்? ஒருவர் அட்டவணையிலிருந்து இன்னொருவருடையதைக் கழிப்பது எப்படி நடக்கிறது என்பதும் சரியாகப் பிடிபடவில்லை.

அஸ்தம்பட்டி_ரவுட்டர் எழுதியது:

தம்பி, கழித்தல் அழகான விஷயம், பொறுமையாகச் சொல்கிறேன். ஒரு அட்டவணை, அதில் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள்: எத்தனை பெயர் விழுந்தது, விழுந்த பெயர்களின் ஹாஷ்களை எல்லாம் எக்ஸ்ஓஆர் (ஒரே எண் இரண்டு தடவை சேர்ந்தால் மறைந்துவிடும் கணக்கு) செய்தது, சரிபார்க்க இன்னொரு ஹாஷின் எக்ஸ்ஓஆர். ஒவ்வொரு பெயரையும் மூன்று கட்டத்தில் போடுவார்கள். நீ உன் அட்டவணையை எனக்கு அனுப்புகிறாய், நான் என்னுடையதிலிருந்து கட்டத்துக்குக் கட்டம் கழிக்கிறேன். இருவரிடமும் இருக்கும் பெயர்கள் எக்ஸ்ஓஆரில் தாமாகவே அடித்துக்கொண்டு போய்விடும், மீதி நிற்பது வித்தியாசம் மட்டும். இப்போது எண்ணிக்கை +1 அல்லது -1 ஆக நிற்கும் கட்டத்தைத் தேடு. சரிபார்ப்பு ஹாஷ் ஒத்துப்போனால் அங்கே தனியாக ஒரு பெயர்தான் இருக்கிறது, அதை எடுத்துவிடலாம். எடுத்ததும் அதன் மற்ற இரண்டு கட்டத்திலிருந்தும் அதை நீக்கு, நீக்கியதால் அங்கே வேறு ஒன்று தனியாக நிற்கலாம், அதை எடு. இப்படியே உரித்துக்கொண்டு போனால் எல்லாம் வந்துவிடும். எப்ஸ்டீன், குட்ரிச், உயேடா, வர்கீஸ் நால்வரும் 2011-இல் இதை செட்களை ஒத்துப்பார்க்கும் வேலைக்குக் கொண்டுவந்தார்கள். கட்டங்கள் வித்தியாசத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் உரிப்பது பாதியில் நின்றுவிடும்.

சிக்கனமா என்பதற்கு நாகலூர்க்காரர் கணக்கையே எடு. பிசிங்க் ஒவ்வொரு வெளியீட்டாளரின் கடைசிப் பெயரை மட்டும்தான் அட்டவணையில் வைக்கும், அது நல்ல யோசனை, தவறவிட்ட 72 அளவுக்கும் 72 பதிவு தேவையில்லை. ஆனால் எண் மாறிய ஒவ்வொரு வெளியீட்டாளருக்கும் வித்தியாசம் இரண்டாகக் கணக்காகும், பழைய பெயர் ஒரு பக்கம், புதிய பெயர் மறுபக்கம். கரண்ட் வந்து சேரும்போது 12 பேருமே மாறியிருந்தால் வித்தியாசம் 24. ஒன்றரை மடங்கு 36 கட்டம், ஒரு கட்டம் 12 பைட், மொத்தம் 432 பைட். ஸ்டேட் வெக்டர் 360. சிக்கனம் எங்கே? அதுவும் வித்தியாசம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஊகித்து அட்டவணை அளவை எல்லாரும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். 80 என்று வைத்தால் 120 கட்டம், 1440 பைட், அது சுருக்குவதற்கு முன். இது அப்படியே இன்டரஸ்டின் பெயருக்குள் போகிறது. ஊகம் தப்பி வித்தியாசம் பெரிதானால் உரிக்க முடியாமல் முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டியதுதான்.

இதையே 1000 வெளியீட்டாளருக்குப் போட்டுப் பார். ஸ்டேட் வெக்டர் 30,000 பைட்டைத் தொடும், என்டிஎன் பாக்கெட்டுக்கு நடைமுறையில் இருக்கும் 8800 பைட் எல்லைக்குள் அடங்கவே அடங்காது. ஆனால் அதில் 5 பேர் மட்டும் மாறியிருந்தால் பிசிங்குக்கு 15 கட்டம், 180 பைட் போதும். அங்கே பிசிங்க்தான் ராஜா. என்டிஎன்-இன் ரவுட்டிங் மென்பொருளான என்எல்எஸ்ஆர் பிசிங்கைப் பயன்படுத்துவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆக, எத்தனை பேர் எழுதுகிறார்கள், பிரிந்து சேரும்போது எத்தனை பேர் மாறியிருப்பார்கள் என்ற இரண்டு எண்ணைக் கேட்காமல் எது சிக்கனம் என்று சொல்லவே முடியாது. உங்கள் புராஜெக்டில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வரைபடம் போட்டுக் காட்டுங்கள், வைவாவில் கேட்கிற முதல் கேள்விக்கு அதுதான் பதில்.

செவ்வாய்ப்பேட்டை_சர்வர் எழுதியது:

எனக்கு ஒன்று கேட்க வேண்டும். இதற்கு எதற்கு என்டிஎன்? ஒரு எம்க்யூடிடி புரோக்கரை (செய்திகளை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் சர்வரை) சேலத்தில் வைத்து, ஒவ்வொரு நோடும் சிக்னல் கிடைக்கும்போது அனுப்பிவிட்டுப் போகட்டுமே. பல வருடமாக ஓடுகிற விஷயம், லைப்ரரி எல்லாம் தயாராக இருக்கிறது.

நாகலூர்_மழைமானி எழுதியது:

சார், கீழே சேலத்துக்கு டேட்டா வந்தால் மட்டும் போதும் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, நானும் அதைத்தான் செய்வேன். எங்களுக்குத் தேவை தோட்டத்துக்குத் தோட்டம் தெரிவது. சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருப்பவர் பக்கத்துச் சரிவின் மழையைப் பார்க்க சேலம் வரை போய் வர வேண்டிய நிலை இருக்கக் கூடாது. புரோக்கரை மலையிலேயே ஒரு நோடில் வைத்தால், நெட்வொர்க் துண்டாகும்போது புரோக்கர் இல்லாத துண்டில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. இங்கே எந்தத் துண்டில் இருந்தாலும் அந்தத் துண்டுக்குள் இருக்கும் அளவுகள் எல்லாம் கிடைத்துக்கொண்டே இருக்கும். டேட்டாவில் வெளியிட்டவர் கையெழுத்து இருப்பதால் யாரிடமிருந்து வாங்கினாலும் நம்பலாம். இது இரண்டும் எங்களுக்குப் பெரிய விஷயம்.

அஸ்தம்பட்டி அண்ணாவின் கணக்கு எனக்குத் தெளிவாகப் புரிந்தது, ஸ்டேட் வெக்டருக்கே மாறிவிடுகிறேன். மாற்றும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்? கரண்டில் ஓடும் இரண்டு நோடும் திடீரென்று அணைந்து எழுவதுதான் எனக்குக் கவலை.

அடிவாரம்_எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

அந்தக் கவலை நியாயமானது, ஸ்டேட் வெக்டரில் அடி விழுவது அங்கேதான். நோடு அணைந்து எழுந்து வரிசை எண்ணை 0-இலிருந்து தொடங்கினால், மற்ற எல்லாரிடமும் அதன் எண் 1042 என்று இருக்கும், பெரியதை வைத்துக்கொள் என்பதுதான் விதி என்பதால் புதிய அளவுகளை 1043 வரும்வரை ஒருவரும் எடுக்கவே மாட்டார்கள். ஒரு பிழைச் செய்தியும் வராது, மூன்றரை நாள் அந்தத் தோட்டத்து மழை யாருக்கும் தெரியாமல் போகும். எண்ணை எஸ்டி கார்டில் எழுதி வைக்கலாம், ஆனால் எழுதுவது கார்டில் உண்மையிலேயே இறங்கிவிட்டதா என்று எஃப்சிங்க் கட்டளை போட்டு உறுதி செய்த பிறகுதான் பாக்கெட்டை வெளியிட வேண்டும். சிலர் எழுத்தைக் குறைக்க 100 எண்ணை முன்கூட்டியே ஒதுக்கி, எழுந்ததும் அடுத்த நூறுக்குத் தாவிவிடுவார்கள். இந்த முறையில் அதைச் செய்யாதீர்கள். நடுவில் விட்ட எண்களும் இருக்கின்றன என்று நினைத்து மற்ற நோடுகள் இல்லாத டேட்டாவைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதற்காகவே ஸ்டேட் வெக்டர் சிங்கின் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பெயருக்கும் நோடு எழுந்த நேரத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். புதிதாக எழுந்தால் புதிய நேரம், எண் மறுபடி ஆரம்பத்திலிருந்து, குழப்பம் இல்லை. ஆனால் அதற்கு நோடுக்கு நேரம் தெரிய வேண்டும். பை ஜீரோ 2 டபிள்யூவில் கடிகாரச் சிப் கிடையாது, இன்டர்நெட் இல்லாமல் எழுந்தால் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்துதான் தொடங்கும். டிஎஸ்3231 மாட்யூல் ஒன்றை ஐ2சி-யில் மாட்டி, ஒரு பட்டன் பேட்டரி போட்டுவிடுங்கள். மழை எப்போது பெய்தது என்பதற்கும் சரியான நேரம் வேண்டுமே, இரண்டுக்கும் சேர்த்து அது அவசியம்.

அப்புறம், டேட்டா எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். என்டிஎன் பாக்கெட்டுகளைக் கடத்தும் மென்பொருளான என்எஃப்டியின் கன்டென்ட் ஸ்டோர் (தற்காலிகச் சேமிப்பு) ரேமில்தான் இருக்கிறது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வெக்டரில் எண் இருக்கும், டேட்டா யாரிடமும் இருக்காது. வாங்கிய ஒவ்வொன்றையும் கார்டில் ஒரு ரெப்போவில், அதாவது நிலையான சேமிப்பில் எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு 12 நோடும் சேர்ந்து 3456 பாக்கெட், பாக்கெட்டுக்கு 400 பைட் என்றாலும் ஒன்றரை எம்பி கூட வராது, வருடத்துக்கு அரை ஜிபி. பேட்டரி தீர்ந்து கிடக்கும் நோடின் நேற்றைய அளவைப் பக்கத்து நோடின் ரெப்போவிலிருந்து எடுக்க முடிந்தால்தான் பெயரை வைத்து இயங்கும் நெட்வொர்க்கின் பலன் கைக்கு வரும். அதற்கு அந்தப் பெயருக்கான வழி, வெளியிட்டவர் பக்கம் மட்டும் போகாமல் ரெப்போ வைத்திருப்பவர் பக்கமும் போக வேண்டும், ஃபிப்பில் (எந்தப் பெயருக்கு எந்த வழி என்ற அட்டவணையில்) அதைச் சேர்க்க மறக்காதீர்கள்.

வைஃபை பற்றி இரண்டு வார்த்தை. ஆட்ஹாக்கில் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். என்எஃப்டி சாதாரணமாக வந்த ஃபேஸிலேயே (இணைப்பிலேயே) இன்டரஸ்டைத் திருப்பி அனுப்பாது. மல்டிகாஸ்ட் ஃபேஸ் ஆட்ஹாக் வகை என்று அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும், இயல்பாக அது இல்லை என்றுதான் இருக்கும். இதைச் செய்யாவிட்டால் ஒரு தாவலுக்கு மேல் வெக்டர் போகாது, புரோட்டோகால்தான் கெட்டது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று, வைஃபையில் மல்டிகாஸ்டுக்கு ஏற்பு (கிடைத்தது என்ற பதில்) வராது, தொலைந்தால் தொலைந்ததுதான். வெக்டருக்குப் பரவாயில்லை, அடுத்தது வந்துவிடும். டேட்டா இழுப்பதை மட்டும் முடிந்தவரை ஒருவருக்கு மட்டும் அனுப்பும் யூனிகாஸ்ட் ஃபேஸில் வையுங்கள். மழை நாளில் சிக்னல் குறைவதற்குப் பலரும் பனிமூட்டத்தைக் காரணம் சொல்வார்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. நனைந்த இலைகள்தான் உறிஞ்சும். சில்வர் ஓக் உச்சிக்குக் கீழே ஆன்டெனா இருந்தால் உயர்த்துங்கள்.

கருப்பூர்_மூன்றாம்_ஆண்டு எழுதியது:

குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோவான லோராவில் இந்த வெக்டரை அனுப்ப முடியுமா? 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லையே. மேட்டு நோடு அணைந்தாலும் தூரம் போகும் அல்லவா?

அடிவாரம்_எலக்ட்ரானிக்ஸ் எழுதியது:

முடியும், ஆனால் பெயரை அப்படியே போட முடியாது. லோரா சிப்பில் ஒரு பாக்கெட்டுக்கு 255 பைட்தான் எல்லை, 360 அடங்காது. 12 நோடும் முன்பே தெரிந்தவை என்பதால் பெயருக்குப் பதில் 1 பைட் குறியீடு, வரிசை எண்ணுக்கு 3 பைட் என்று வைத்தால் மொத்தம் 48 பைட். 3 பைட்டில் ஒன்றரைக் கோடிக்கு மேல் எண்ணலாம், ஒரு நாளைக்கு 288 அளவுக்கு அது தாராளம். எழுந்த நேரத்தை 4 பைட்டில் சேர்த்தாலும் 96 பைட், அடங்கிவிடும். டேட்டா முழுவதையும் லோராவில் இழுக்க நினைக்காதீர்கள், துண்டாக இருக்கும்போது மிகச் சமீபத்திய அளவு மட்டும் அதில் போகட்டும், மிச்சம் வைஃபை வந்ததும் வரட்டும்.

நாகலூர்_மழைமானி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடிகார மாட்யூலும் ஆட்ஹாக் அமைப்பும் இந்த வாரமே போட்டுவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. சேர்ந்ததும் என்ன குறைகிறது என்று தெரிந்துவிடும், சரி, அந்தப் பக்கத்து 5 நோடுகளின் 72 அளவு என்றால் 360 பாக்கெட்டை எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கக் கிளம்பினால் மறுபடி நெரிசல்தானே? அப்புறம், சேலத்தில் அஸ்தம்பட்டியில் எங்கள் கூட்டுக்குழு ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அதற்கும் எல்லாம் வேண்டும். மழையில் மலைப்பாதை அடைபட்டால் குப்பனூர் வழியாகத்தான் ஆள் வருவார், இன்டர்நெட்டும் அந்த நேரத்தில் இருக்காது.

அஸ்தம்பட்டி_ரவுட்டர் எழுதியது:

முதல் கேள்விக்கு, நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. ஒரே துண்டில் இருக்கும் ஏழு பேர் ஒரே பெயரைக் கேட்டால், மேட்டு நோடின் பிட் அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே இன்டரஸ்டாகத்தான் அந்தப் பக்கம் அனுப்பும், திரும்பி வந்த டேட்டா கன்டென்ட் ஸ்டோரில் இருப்பதால் தாமதமாகக் கேட்பவருக்கும் அங்கேயே கிடைக்கும். ஆக அந்த மெலிந்த இணைப்பில் 360 பாக்கெட் ஒரு தடவை போகும், ஏழு தடவை அல்ல. இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒரு நேரத்தில் 4 இன்டரஸ்ட் நிலுவையில் இருக்கட்டும், டேட்டா வர வர கூட்டுங்கள், டைம்அவுட் ஆனால் பாதியாகக் குறையுங்கள். இன்டரஸ்டின் ஆயுள் இயல்பாக 4 செகண்ட், தாவல் அதிகமுள்ள ஈரமான நாளில் அது போதாமல் போகலாம், பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். முக்கியமாக, புதியதிலிருந்து பழையதை நோக்கி இழுங்கள். தோட்டக்காரருக்கு இப்போது பெய்துகொண்டிருக்கும் மழைதான் முதலில் வேண்டும், ஐந்து மணி நேரத்துக்கு முந்தையது பத்து நிமிடம் கழித்து வந்தாலும் நஷ்டமில்லை. வரிசையாக 971-இலிருந்து தொடங்குகிற கோடுதான் எல்லாரும் எழுதுவது, அது இங்கே தலைகீழாக இருக்க வேண்டும்.

சேலத்து ஆபீஸுக்குத் தனி ஏற்பாடே வேண்டாம். மலையிலிருந்து இறங்குபவர் போனில் ஒரு ரெப்போவும் ஸ்டேட் வெக்டர் சிங்கும் ஓடட்டும். போன் எதையும் வெளியிடாது, அதனால் வெக்டரில் அதற்கு வரியே வேண்டாம், பட்டியல் 12-ஆகவே இருக்கும். தோட்டத்து நோடோடு போன் இணைந்ததும் தன் பழைய வெக்டரை அனுப்பும், நோடு அது பழையது என்று பார்த்து 200 மில்லிசெகண்டுக்குள் புதியதைச் சொல்லும், போன் குறைவதை இழுத்துக்கொள்ளும். ஆபீஸ் வைஃபையில் அதே கதை மறுபடி நடக்கும். இடையில் மூன்று மணி நேரமானாலும் மூன்று நாளானாலும் இந்த முறைக்கு வித்தியாசம் தெரியாது. சுமந்து வந்தவர் யார் என்று ஆபீஸ் கம்ப்யூட்டர் பார்க்கத் தேவையில்லை, தோட்டத்து நோடின் கையெழுத்தைச் சரிபார்த்தால் போதும்.

கையெழுத்து என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டேட்டாவில் மட்டும் இருந்தால் போதாது, வெக்டரைச் சுமக்கும் சிங்க் இன்டரஸ்டிலும் இருக்க வேண்டும். பெரியதே வெல்லும் என்பது விதி, யாரோ ஒருவர் தோட்டம்4 எண் 90 லட்சம் என்று ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினால் 12 நோடும் இல்லாத டேட்டாவைத் தேட ஆரம்பித்துவிடும், அந்த எண்ணைத் திரும்பக் குறைக்கவும் வழி கிடையாது. குழுவுக்குப் பொதுவான ஒரு சாவியை வைத்து எச்மேக் (அந்தச் சாவியால் போடும் சரிபார்ப்பு முத்திரை) போடுங்கள், ஜீரோ 2-க்கு அது சுமையே இல்லை. போனுக்கும் அந்தச் சாவி வேண்டும், போன் தொலைந்தால் சாவியை மாற்றவும் ஒரு வழி இப்போதே யோசித்து வையுங்கள்.

நாகலூர்_மழைமானி எழுதியது:

சாவி மாற்றுவதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி அண்ணா. கரண்டில் ஓடும் இரண்டு நோடிலும் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு மற்ற பத்துக்கும் ஏற்றுகிறேன். புரோகிராமை ஒழுங்குபடுத்தியதும் இதே இழையில் பகிர்கிறேன், கருப்பூர்த் தம்பி லோரா பக்கத்தைச் சேர்க்க விரும்பினால் தாராளமாகச் சேர்க்கலாம்.